நடைவண்டிக்கு வழிவிடுங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கு இன்னும் டீச்சரம்மாதான். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாராவது ஓர் அம்மணி வந்துவிடுவாள். "நல்லா இருந்த புள்ளைங்க, திடீர்னு இப்படி ஆயிருச்சு" என்று ஆரம்பிப்பாள். இடுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் என் கண்ணாடியைப் பிடுங்கியிருக்கும்.

பிரசவத்துக்கும் முதல் வருஷத்துக்கும் சொல்லித்தர வீட்டில் ஆள் நிறைய உண்டு. மருந்து இடிக்க, குளிக்க வார்க்க, தூளி கட்ட என்று ஆளாளுக்கு வருவார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அத்தனை பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தாயும் தகப்பனும் தனியாக நிற்பது அப்போதுதான். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரைக்குமான அந்தக் காலத்துக்காக இதை எண் போட்டு எழுதுகிறேன். வரிசைக்குக் காரணம் தேட வேண்டாம், நினைவுக்கு வந்த வரிசை அது.

1. பிள்ளைக்கு ஒன்றேகால் வயது ஆகும்போது ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். அதற்குத் தெரியாமல் மூக்கு நுனியில் கொஞ்சம் குங்குமம் தொட்டுவைத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் பாப்பாவைப் பார்த்துச் சிரிக்கும், தட்டும், அந்தப் பாப்பா எங்கே என்று கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடும். சில மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். ஒரு நாள் கண்ணாடியை விட்டுவிட்டுத் தன் மூக்கைத் தொடும். பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் இதையே ஒரு சோதனையாகச் செய்து எழுதினார். அவர் வைத்தது குங்குமம் அல்ல, முகப்பூச்சுச் சிவப்பு. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் தன் மூக்கைத் தொட்டுவிடுகின்றன.

அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டலாம். 'நான்' என்று ஒருத்தர் இருப்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதே மாதங்களில்தான் "என்னுது" வரும், "மாட்டே" வரும், ஊட்டப் போனால் தட்டைத் தள்ளும், செருப்பை நானே மாட்டுவேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடியில் தன்னைக் கண்டுபிடித்ததை 'புத்திசாலி' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, தட்டைத் தள்ளியதை 'அடம்' என்று என்னிடம் வந்து புகார் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே கைதான், அம்மணி. இனி நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

2. அடம் பிடித்து அழும் பிள்ளையிடம் நியாயம் பேசாதீர்கள். ஆசை முழுசாக வந்துவிட்டது, அதைச் சொல்ல வார்த்தை இன்னும் வரவில்லை. பொறுத்துக்கொள்ளும் வேலையைச் செய்கிற மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுசாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். இரண்டு வயதில் அதனிடம் பொறுமையை எதிர்பார்த்து என்ன செய்ய?

அடம் வருவதற்கு முன்னால் செய்வதுதான் பாதி வேலை. பசி, தூக்கம், கூட்டம், சத்தம் இந்த நாலும்தான் பெரும்பாலான அடத்துக்குக் காரணம். சந்தைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போவதாக இருந்தால் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகு கூட்டிப்போங்கள். "குளிக்கலாமா?" என்று கேட்டால் "மாட்டே" என்றுதான் வரும், அந்தக் கேள்வியைக் கேட்டது உங்கள் தப்பு. "மஞ்சச் சொம்புல ஊத்தட்டா, பச்சைச் சொம்புல ஊத்தட்டா?" என்று கேளுங்கள். குளிப்பது முடிவான விஷயம், சொம்பு பிள்ளையின் அதிகாரம். விளையாட்டிலிருந்து தூக்கிவரும்போதும் அப்படித்தான். இன்னும் இரண்டு தரம் சறுக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று சொல்லி, இரண்டு தரம் ஆனதும் கிளம்பிவிட வேண்டும். மூன்றாவது தரம் விட்டீர்கள் என்றால் அடுத்த முறை உங்கள் இரண்டுக்கு மதிப்பில்லை.

வந்தே விட்டதென்றால், தரையில் புரளும் பிள்ளைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்காருங்கள். தலை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "கோவம் வந்துருச்சா சாமி" என்பதற்கு மேல் பேச்சு வேண்டாம். அடங்கியதும் தூக்கிக்கொள்ளுங்கள், பிரசங்கம் பண்ணாதீர்கள். அழுதது என்பதற்காக மறுத்ததைக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் மறுப்பதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள். டம்ளரில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும் என்று கேட்டால் அதற்கு எதற்கு 'வேண்டாம்'? ஒரு துணியை விரித்து விட்டுவிடலாம். ஒரு நாளைக்கு நீங்கள் சொல்லும் 'வேண்டாம்' குறையக் குறைய, நெருப்பின் பக்கத்தில் சொல்லும் 'வேண்டாம்' அதன் காதில் விழும்.

அடித்தால் நிற்கிறதே என்பார்கள். நிற்கும். பெரிய ஆள் சின்ன ஆளை அடிக்கலாம் என்று கற்றுக்கொண்டு, மறுநாள் தம்பி பாப்பாவை அடிக்கும்.

சில பிள்ளைகள் அழுது அழுது மூச்சை உள்ளேயே நிறுத்தி, உதடு நீலம் பாய்ந்து துவண்டுவிடும். பார்க்கிறவர்களுக்கு உயிரே போய்விடும். பெரும்பாலும் சில நொடிகளில் தானே மூச்சு விட்டுத் தெளிந்துவிடும். ஒருமுறை வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுக்க ஆரம்பித்தால் வீட்டை அதுதான் ஆளும்.

3. வீட்டை மாற்றுங்கள். பிள்ளையை மாற்றுவதைவிட அது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் முட்டி போட்டு, பிள்ளையின் கண் உயரத்தில் வீடு முழுக்கத் தவழ்ந்து பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். மேசை விரிப்பின் நுனி தொங்குவதும், அதைப் பிடித்து இழுத்தால் மேலே இருக்கும் குழம்புச் சட்டி வருவதும் அப்போதுதான் தெரியும்.

கிராமத்தில் நான் கண்டு பயந்தவற்றைச் சொல்கிறேன். முதலாவது தண்ணீர். கிணற்றுக்கு எல்லோரும் பயப்படுவார்கள், குளியலறை வாளிக்குப் பயப்பட மாட்டார்கள். இந்த வயதில் தலை கனம், உடம்பு சிறிசு. எட்டிப்பார்த்தால் தலைகீழாக விழும், தானாக எழ முடியாது. கத்தவும் முடியாது, சத்தமே வராது. வாளியில் அரை அடித் தண்ணீர் போதும். வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள், தொட்டிக்கு மூடி போடுங்கள்.

இரண்டாவது, நாம் விஷம் என்றே நினைக்காதவை. பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரம் பிள்ளைக்கு விஷம். கொஞ்சம் தின்றாலும் வலிப்பு வரும். அந்துருண்டை, கொசுவத்தித் திரவம், தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்த பினாயில், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள், குடித்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். விளையாட்டுச் சாமானிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் மாதிரியான பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே அரித்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாத விஷயம் அது.

மூன்றாவது தொண்டையில் சிக்குவது. முழு நிலக்கடலை, பட்டாணி, திராட்சை, கடின மிட்டாய் எதுவும் நாலு வயது வரை வேண்டாம். கடலையை அரைத்தோ பொடித்தோ கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஏதாவது சிக்கி, இருமவும் அழவும் முடியாமல் திணறினால், முன்னால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரல் விடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

தீப்புண்ணுக்குக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான், இருபது நிமிடம். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று தம்பிகளுக்கு. வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு எடுங்கள். "உள்ளேதான் இருக்குது" என்ற பதிலை நம்பி எடுக்காதீர்கள்.

4. உட்காரவைத்து ஓட்டும் வட்ட வாக்கர் வாங்காதீர்கள். யாராவது பரிசாகக் கொடுத்தால் துணி காயப்போட வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிள்ளை நடப்பதில்லை, தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது. தன் கால் எங்கே இருக்கிறது என்றுகூட அதற்குத் தெரியாது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட பிள்ளைகள் ஏராளமாகப் போய்த்தான் கனடா நாட்டில் 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தார்கள்.

நம்மிடம் இருந்தது நடைவண்டி. மூன்று மரச்சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, அவ்வளவுதான். பிள்ளை பின்னால் நின்று தன் கனத்தைத் தன் காலில் தாங்கித் தள்ளும். வேகமாகத் தள்ளினால் வண்டி ஓடிவிடும், தானே நிதானம் பழகும். சுவரில் முட்டினால் நிற்கும், எப்படித் திருப்புவது என்று யோசிக்கும். நாம் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், அதைத்தான் செய்யக்கூடாது. முட்டி நிற்கிற அந்த அரை நிமிடத்தில் பிள்ளை யோசிப்பதை முகத்தில் பார்க்கலாம், அதைவிட நல்ல வேடிக்கை எனக்குத் தெரிந்து இல்லை. வண்டி கிடைக்காத வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளவிடுங்கள். ஒன்பது மாதத்தில் நடக்கிற பிள்ளையும் உண்டு, ஒன்றேகால் வயதில் நடக்கிற பிள்ளையும் உண்டு. பதினெட்டு மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மட்டும் காட்டுங்கள்.

5. சாப்பாடு. திண்ணைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதற்குத்தான் வருகிறார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன், கேளுங்கள். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோ இருக்கும். அதாவது முதல் வருஷம் ஆறு கிலோ. இரண்டாவது வருஷம் முழுக்கச் சேர்ந்தே இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்கிற வேகம் இப்படி விழும்போது பசி எப்படி முன்பு மாதிரி இருக்கும்? "முன்னெல்லாம் கிண்ணம் நிறையச் சாப்பிட்டாங்க, இப்பத் தொடவே மாட்டேங்கறா" என்பது நோய் இல்லை. இது தெரியாமல்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓடுகிறோம்.

அமெரிக்காவில் எலின் சாட்டர் என்ற உணவியலாளர் ஒரு பங்கு பிரித்துக் கொடுத்தார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. படித்தபோது பழைய பாட்டிமார்கள் சிலர் இதைப் பெயர் வைக்காமலே செய்ததுதானே என்று தோன்றியது. அரிசியும்பருப்பும் குழையவிட்டு, நெய் ஊற்றி, தட்டில் கொஞ்சமாக வைத்துத் தன் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடுவார்கள். பிள்ளை பாதியைத் தரையில் போடும், கால் பங்கைத் தலையில் தேய்த்துக்கொள்ளும், மிச்சம் வாய்க்குள் போகும். கீழே ஒரு பழைய துணி விரித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தரம் தின்ன ஏதாவது. இடையில் முறுக்கு, பிஸ்கட், பால் என்று கொறித்துக்கொண்டே இருந்தால் சாப்பாட்டு வேளையில் பசி எங்கிருந்து வரும்? பாலைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். சோறு தின்னவில்லையே என்ற கவலையில் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, வயிற்றையும் அடைத்துவிடும். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகும் பிள்ளை வெளுத்துப்போகும். பாலைக் குறைத்து, புட்டியை நிறுத்தி, டம்ளரில் கொடுங்கள். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம், அதற்கு யாரிடமும் வெட்கப்பட வேண்டாம்.

ராகிக் களி, முட்டை, பச்சைப்பயறு கடைசல், முருங்கைக்கீரை, சந்தகை, வாழைப்பழம். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை வாங்கி மாட்டுக்குப் போடும் வீடுகளை எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. அதை உருண்டையாகப் பிடித்தோ கூழாகக் காய்ச்சியோ கொடுங்கள். ஒரு புதுச் சாப்பாட்டைப் பத்துப் பதினைந்து தரம் பார்த்து, தொட்டு, துப்பின பிறகுதான் சில பிள்ளைகள் விழுங்கும். மூன்றாம் தரமே "இவனுக்குக் கீரை புடிக்காதுங்க" என்று பட்டம் கட்டாதீர்கள், பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்து எடை போட வேண்டாம். தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. மாதா மாதம் அங்கன்வாடித் தராசில் நிறுத்திப் புள்ளி வையுங்கள். பிள்ளையின் கோடு மேலே ஏறிக்கொண்டே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

6. போன். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் போனிலேயே படித்திருப்பீர்கள்.

எனக்குக் கோபம் வருவது சோறு ஊட்டும்போது காட்டும் போன்மீது. பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிறது, என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா எதுவும் தெரிவதில்லை. தட்டு காலியானதில் நமக்குத் திருப்தி. நிலாவைக் காட்டி ஊட்டினதும் அதே தந்திரம்தானே என்று ஒரு மருமகப்பெண் என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. நிலாவைக் காட்டும்போது "அதோ பாரு" என்று நீங்கள் சொல்ல வேண்டும், அது விரலை நீட்ட வேண்டும், மேகம் மறைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து தேட வேண்டும். போன் உங்களை அந்த இடத்தில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

நிறுத்துவது எப்படி? மெதுவாக நிறுத்த முடியாது. மூன்று நாலு நாள் அழும், நீங்களும் சரியாகச் சாப்பிட மாட்டீர்கள். வீட்டில் மற்றவர்கள் போனையும் அந்த வேளையில் எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டால் சீக்கிரம் அடங்கும். மாமனார் நியூஸ் பார்ப்பதை நிறுத்தாமல் பேரன் போனை நிறுத்த முடியாது.

7. பேசுங்கள். வெங்காயம் உரிக்கும்போது வெங்காயத்தைப் பற்றி, துணி துவைக்கும்போது துணியைப் பற்றி. ஒரு வயதில் ஒன்றிரண்டு சொல், ஒன்றரை வயதில் பத்துச் சொல் அளவுக்கு, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்து "அப்பா வண்டி", "பால் இல்ல" என்று வரும். அந்த இரண்டு சொல் வாக்கியங்களை எழுதி வையுங்கள். மூன்றாவது வருஷம் மறந்துவிடுவீர்கள். எங்கள் அங்கன்வாடியில் ஒரு வாண்டு, கரண்ட் போனால் "வெளிச்சம் தூங்கிருச்சு" என்பான்.

"மம்மு", "ஜோஜோ" என்று மழலையில் பேசினால் பேச்சு கெட்டுவிடும் என்று ஒரு பயம் கிளம்பியிருக்கிறது. கெடாது. பிள்ளை "மம்மு" என்றால் "மம்மு வேணுமா, சோறு சாப்புடலாமா" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் போதும். தப்பாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்லச்சொல்லி விரட்டாதீர்கள். வீட்டில் தமிழ், ஆத்தா பேசுவது கன்னடம் என்றாலும் பயமில்லை, இரண்டும் வரும்.

எதற்குக் கவலைப்பட வேண்டும் என்றால், ஒரு வயதுக்கு மேல் ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்காதது, வந்த பேச்சு நின்றுபோனது. "அவுங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே கிளம்பிப் போய்க் காதையும் சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே மையம் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் போன பிள்ளைக்குப் பலன் அதிகம்.

8. பக்கத்துக் கடைக்குப் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போனால் நேரமாகும் என்று தெரிந்தே போங்கள். ஒவ்வொரு எறும்புக்கும் உட்காரும். அவசரமான நாளில் தூக்கிக்கொள்ளுங்கள். அவசரம் இல்லாத நாளில் அவசரப்படாதீர்கள்.

9. கடிக்கிற பிள்ளையைத் திருப்பிக் கடிக்காதீர்கள். நிஜமாகவே கடிக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்குங்கள், கடித்ததைப் பார்த்து "கடிச்சா வலிக்கும்" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள். இரண்டு வயதில் பொம்மையைப் பகிர்ந்துகொள்ளத் தெரியாது. 'என்னுது' என்பதே இப்போதுதான் வந்திருக்கிறது, அதற்குள் எப்படிக் கொடுக்கும்? ஒரே மாதிரி இரண்டு சொப்புச் சாமான் வாங்கிப் போடுங்கள்.

10. கழிப்பறைப் பழக்கத்துக்குப் போட்டி வேண்டாம். நம் பாட்டிமார்கள் கால் நீட்டி உட்கார்ந்து, பாதங்களின்மேல் பிள்ளையை உட்காரவைத்து "உஸ்" என்று சொல்லிப் பழக்கினார்கள். அது தாய் குறிப்பறிவது. பிள்ளை தானே சொல்லிப் போவது வேறு, அதற்கு ஒன்றரை வயதுக்கு மேல் ஆகும். இரண்டரையில் வருவதும் சகஜம். ஜட்டி இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறதா, போகும் முன் ஒரு மூலைக்குப் போய் நிற்கிறதா, ஈரமானால் இழுத்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். இவை வந்தபின் டயப்பரைப் பகலில் கழற்றிவிட்டு, சாப்பிட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்காரவைத்தால் போதும். இரவு நனைப்பது ஐந்து வயது வரைகூட இருக்கலாம். தரையில் போய்விட்டால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். திட்டினால் அடக்கும், அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்கும். அந்தச் சுற்றிலிருந்து வெளியே வர மாதக்கணக்கு ஆகும்.

11. தம்பிகளே, "நானும் பார்த்துக்குவேன்" என்று சொல்வதை விட்டுவிட்டு ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது என்றால் தண்ணீர் விளாவுவது முதல் துண்டைக் காயப்போடுவது வரை. பொண்டாட்டி பக்கத்தில் நின்று சோப்பு எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது உங்கள் வேலை ஆகாது. அம்மணி, நீங்களும் எட்டிப் பார்க்காதீர்கள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் சோப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

12. ஆத்தாவும் அம்மாயியும் வேறு வேறு சொல்வார்கள். ஆத்தா வீட்டில் சர்க்கரைத் தண்ணீர், அம்மாயி வீட்டில் கண்ணுக்கு மை. மூன்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மருந்து, அடி, பாதுகாப்பு. மற்றதில் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். அப்பாரு வீட்டில் வெல்லம் கிடைக்கும், நம் வீட்டில் கிடைக்காது என்பது ஒன்றரை வயதிலேயே அதற்குத் தெரியும். அப்பச்சியின் முதுகில் உப்புமூட்டை ஏறுவதற்கு ஈடாக உங்களால் எதையும் கொடுக்க முடியாது.

13. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஊசி. வயிற்றுப்போக்கில் பயப்பட வேண்டியது தண்ணீர் வற்றுவதற்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டால் உப்பு ஏறுமாறாகிவிடும். ஒவ்வொரு தரம் போன பிறகும் கரண்டியால் கொடுங்கள். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் பதினான்கு நாள் முடியக் கொடுங்கள். சோற்றை நிறுத்தாதீர்கள். கண் குழிந்து, சிறுநீர் போகாமல், துவண்டு கிடந்தால் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நேரத்தைப் பாருங்கள். சாவியைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. அதற்குள் நின்றாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

பதினாறிலிருந்து இருபத்துநாலு மாதத்துக்குள் போடும் ஊசிகளைத்தான் மக்கள் மறந்துவிடுகிறார்கள். தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போலியோ சொட்டும் அப்போதுதான். வைட்டமின் ஏ திரவம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயது வரை. குடற்புழு மாத்திரை ஒரு வயதிலிருந்தே உண்டு, பிப்ரவரி 10 அதற்கான நாள்.

14. விலை கொடுத்து வாங்கும் விளையாட்டைவிட வீட்டு வேலைதான் இந்த வயதுக்குப் பிடிக்கும். பூண்டை உதிர்க்கச் சொல்லுங்கள், துவைத்த துணியை ஒவ்வொன்றாக எடுத்துத்தரச் சொல்லுங்கள். வேலை இரட்டிப்பாகும், பிள்ளையும் வேறு வம்புக்குப் போகாது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் வருகை, அம்புலி, சிறுபறை, சிறுதேர் என்று பருவம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பாட்டு பாடிவைத்தார்கள். பருவங்களைப் பார்த்தால் எல்லாம் நம் வீட்டில் நடப்பதுதான்: தத்தி வருவது, நிலாவைக் கூப்பிடுவது, பறை கொட்டுவது, தேர் இழுப்பது. எவர்சில்வர் போசியைக் கரண்டியால் தட்டும்போது காது வலித்தால், சிறுபறைக்கென்றே ஒரு பருவம் உண்டு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைக்குச் சிற்றில் என்று ஒரு பருவம் வேறு. பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கப் போகிற பையனிடம், வேண்டாம் என்று கெஞ்சுகிற பருவம். அவ்வளவு பழைய வம்பு அது.

15. பிள்ளை மத்தியானம் தூங்கும்போது நீங்களும் படுங்கள். பாத்திரம் எங்கும் போகாது. இரண்டு வயது வரை இரவும் பகலுமாகப் பதினொன்றிலிருந்து பதினாலு மணி நேரம் தூக்கம் அதற்கு வேண்டும். அதில் ஒரு மணி நேரமாவது உங்களுடையது. எதிலும் மனம் ஒட்டாமல், காரணமின்றி அழுகை வந்து, அது வாரக்கணக்கில் நீடித்தால், "எல்லாத் தாயும் இப்படித்தான்" என்று சொல்பவர்களை விட்டுவிட்டு நர்ஸம்மாவிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள்.

16. இரண்டு வயது முடிந்ததும் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். 1982-இல் சத்துணவு வந்தபோதே இரண்டு வயதிலிருந்துதான் சேர்த்தார்கள். முதல் நாள் அழும். பிள்ளை பராக்குப் பார்க்கும் நேரத்தில் நழுவிப் போகாதீர்கள், அதுதான் மறுநாள் அழுகையை இரட்டிப்பாக்கும். "சாப்புட்டுத் தூங்கி எந்திரி, அம்மா வந்துருவே" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள். வாசலில் உங்களைக் கண்டதும் பெரிதாக அழுதால் டீச்சரைச் சந்தேகப்பட வேண்டாம், நாள் முழுக்க அடக்கிவைத்ததை உங்களிடம்தான் இறக்க முடியும். ஒரு வாரம், பத்து நாளில் பழகிவிடும். பையில் ஒரு மாற்றுச் சட்டையும் இரண்டு ஜட்டியும் வைத்து அனுப்புங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள், ஒரே மாதிரி ஜட்டி நிறைய வரும்.